வயித்துக் காவல்காரருக்கு ஒரு பிடி

சித்தாண்டி,
மாசி 9, 1996

அன்பு மகள் தவமலருக்கு, அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு மங்கையற்கரசி எழுதுறா. முருகன் புண்ணியத்தில நாங்க மூண்டு பேரும் இருந்த இடத்திலயே இரிக்கம், அங்க குளிருக்க நீயும் சுகமா இரிக்க வேணுமெண்டு விளக்கு வைக்கக்குள்ள நினைக்கிறம். முதல்ல உன்ட மகள் வேணுகாட விசயத்தச் சொல்லிப்போடுறன், இல்லாட்டி நீ கடிதத்தின்ட அடியத்தான் முதல்ல வாசிப்பாய். புள்ளைக்கு வயித்தால போறது நிண்டு இண்டைக்குப் பதினொரு நாள். இனி நான் ஆறுதலாச் சொல்றன், நீயும் ஆறுதலாக் கேள்.

நீ வேலை செய்யிற ஆய்வுகூடத்தில குடலைப் பத்திப் பாக்கிறதா எழுதினாய் எல்லோ. குடல் சுவரில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிரணுக்கள் காவலுக்கு நிக்குமாம், சிலது குழிக்குள்ள இரிந்து கெட்ட கிருமிக்கு மருந்து கக்குமாம், சிலது போற வாறதில ஒரு துளி எடுத்து உள்ளுக்க நிக்கிற படைக்குக் காட்டுமாம், நல்ல கிருமியும் கோடிக்கணக்கில குடியிரிக்காம், அதுகளோட ஒத்துப் போறதும் இந்தக் காவல்தானாம். இத வாசிக்கக் கேட்டு உன்ட அம்மா சிரிச்சா, என்ட வயித்துக்க இவ்வளவு சனமெண்டா கூப்பன் அரிசி எப்பிடிக்கா காணும் எண்டு.

எனக்குச் சிரிப்பு வரல்ல புள்ள. நீ போகக்குள்ள, சண்டையில பாதை பூட்டினா உதவுமெண்டு வாங்கி வைச்ச, கிருமி கொல்லுற கப்சூல் போத்தல் அலுமாரியில இல்ல, என்ட மடியிலதான் இரிந்தது. வேணுகா ரெண்டு தரம் வெளிய போனாலே ஒண்டைப் பிரிச்சுத் தேன்ல குழைச்சுக் குடுப்பன். நிண்டிரும், மறுகா பத்து நாளில திரும்ப வரும், திரும்பக் குடுப்பன். இப்பிடி நாலு மாதம். புள்ளைட கை அகப்பைக் காம்பு மாதிரிப் போச்சு. உனக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல எண்டு மட்டும் எழுதிவிச்சன், கப்சூலைச் சொல்லல்ல. அது என்ட பிழை.

உன்ட கடிதத்தக் கேக்கக்குள்ள எனக்கு நம்மட வயல் வட்டைதான் ஞாபகம் வந்தது. நெல்லுல சாறு குடிக்கிற அறக்கொட்டிப் பூச்சி வந்த வருசம் நம்மட வயலுக்கு நான் மூண்டு தரம் மருந்தடிச்சன். அப்ப வட்டைக்குத் தண்ணி பங்கிடுற விதானையா இரிந்த கதிர்காமத்தம்பி அண்ணன், அந்த மனிசன் வெத்திலை இல்லாட்டிக் கதைக்க மாட்டார், ஒருக்கா வெத்திலை முடிஞ்சு கூட்டத்தையே கலைச்சவர், அது வேற கதை, வரம்பில நிண்டு சொன்னார், டேய் வல்லிபுரம், பூச்சி தின்னுற தவளையையும் தும்பியையும் சேத்துச் சாகடிச்சிட்டாய், இனி வயலுக்கு ஆரடா காவல், உன்ட பெண்சாதியா எண்டு. சொன்ன மாதிரியே மறுகா வந்த அறக்கொட்டி வயல நெருப்பு வைச்ச மாதிரி எரிச்சுப்போட்டுது. அதத்தான் நான் புள்ளைட வயித்துக்கும் செஞ்சிரிக்கன்.

உன்ட கடிதம் கேட்ட அடுத்த நாளே புள்ளையத் தூக்கிக்கொண்டு ஏறாவூர் டொக்டரிட்டப் போய்ப் போத்தலையும் காட்டினன். ஏசல்ல, வாங்கி மேசையில வைச்சார், திருப்பித் தரல்ல. ஜீவனி உப்புத்தூளக் கரைச்சுக் குடு, கொதிச்சாறின தண்ணி குடு, கஞ்சி குடு, வயிறு நிண்டாப் பிறகு தயிர் குடு எண்டார். தயிருக்கு அந்த ஊர் கைறுன்னிஸாட்டப் போனன், முந்தி நம்மட எருமைப் பால் வாங்கின மனிசி, தமிழ் முஸ்லிம் பிரச்சினைக்குப் பிறகு ஆறு வருசமாக் கதையில்ல. வாசல்லயே நிண்டன். என்ட தோள்ல கிடந்த புள்ளையப் பாத்தா, ஒண்டும் கேக்காமச் சட்டிய நீட்டினா. வாற வழியில சென்றியில நிண்ட ஆமிக்காரன் தயிருக்குள்ள குச்சிய விட்டுப் பாத்துத்தான் விட்டான். குடல் காவல்காரரும் இப்பிடித்தான் தொட்டுப் பாப்பாங்களாக்கும், ஆனா அவங்களுக்கு ஊர் ஆள் ஆரு, வந்த ஆள் ஆரெண்டு தெரியுமே.

இதெல்லாம் புள்ளைக்கும் கதையாச் சொன்னன். சோத்தில கடைசிப் பிடிய எப்பவும் தள்ளிவிடுறவள், நேத்துத் தானா எடுத்து வாயில வைச்சாள், இது அம்மா பாக்கிற காவல்காரருக்காம். உன்ட அம்மா அடுப்படிக்குள்ள போயிட்டா, வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

கப்சூல் முடிஞ்சிரிக்குமெண்டு ஆரிட்டயும் குடுத்து விடாத. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உன்ட காவல்காரரப் பட்டினி போடாத. சித்தாண்டி வேலவர் உனக்குத் துணை நிப்பார்.

இப்படிக்கு, உன்ட அப்பா வல்லிபுரத்தின்ட கைநாட்டு.

பக்கத்தில இரிக்கிற சின்னப் பெருவிரல் வேணுகாட. போன கடிதத்திலயும் வைச்சவள், ரெண்டையும் ஒத்துப் பார், கொஞ்சம் தடிச்சிரிக்கு.