வெட்டுக் கணக்கும் வெட்டிக் கணக்கும்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், சலூனும் நலம், சுழல் நாற்காலி மட்டும் இடது பக்கம் கொஞ்சம் சாய்கிறது, உட்காருகிறவர்களும் அதற்கேற்றபடி தலையைச் சாய்த்துக்கொள்கிறார்கள். உன் இருமல் விட்டதா, விடுதியில் வெந்நீர் வருகிறதா என்று முதலில் எழுது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் நீ சிரிப்பாய், நானும் சிரித்து மழுப்பிவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதி கூரியரில் போடுகிறேன். வியாழக்கிழமைக்குள் வேலை கொடுக்கும் இரண்டு செயற்கைப் பல் செய்யும் கூடத்துக்கும் நீ பதில் சொல்ல வேண்டும், அதற்குள் இதை நிதானமாகப் படித்துவிடு.

விஷயம் போன வாரம் நான் அனுப்பிய வெட்டுக் கணக்குதான். எந்த ஊர் சம்பளமாக இருந்தாலும் அந்த ஊரில் ஒருமுறை முடி வெட்டிக்கொள்ள ஆகும் காசால் அதை வகுத்துப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று இருபது வருஷமாகக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், ஏனென்றால் அந்த ஊர்க் கடை வாடகை, கரண்டு, தண்ணீர், வெட்டுகிறவன் வீட்டுச் சாப்பாடு எல்லாம் அந்த ஒரு வெட்டின் விலைக்குள் அடக்கம். பக்கத்து ஊரில் உனக்குத் தருகிற சம்பளம் மாதம் முந்நூறு வெட்டு. தூரத்து நகரத்தில் இரண்டு மடங்கு சம்பளம் என்றாலும் இருநூற்று நாற்பது வெட்டுதான் வருகிறது, பெரிய ஊர் என்றால் பெரிய வாய், போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். நீயும் அப்பா கணக்கு போட்டால் சரியாகத்தான் இருக்கும், பக்கத்து ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாய். அன்றைக்கு நான் பாடிக்கொண்டே வேலை செய்ததில் ஒருவருக்கு மீசை ஒரு பக்கம் குறைந்துவிட்டது. காசு வாங்காமல் அனுப்பினேன்.

மறுநாள் ரயில் ஓட்டுகிறவர் வந்தார், உனக்கு நினைவிருக்கும், கழுத்தில் துண்டு போட்டதும் தூங்கிவிடுவாரே அவர்தான். அவரிடமும் பெருமையாக இந்தக் கணக்கைச் சொன்னேன். தூங்கப் போன மனிதர் கண்ணைத் திறந்து, "அண்ணே, அந்த நகரத்துல நான் தலையைக் குடுக்காத தெருவே இல்ல. நீங்க சொல்ற விலை எந்தச் சாதாரணக் கடையிலயும் கெடையாது, மாப்பிள்ளையும் பொண்ணும் கல்யாணத்துக்கு மொதநாள் போற கடையா பார்த்துக் கேட்டிருக்கீங்க" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடையோடு உன் அம்மா வந்து நின்றாள். துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள் அல்லவா, தையல் எங்கே பிரிகிறது என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். "கத்தரிக்கோலை வச்சு முடியை வெட்டுங்க, பொண்ணு கணக்கை வெட்டாதீங்க. அதுவும் அவ தலைக்கு நீங்கதான் வெட்டறீங்க, அவளுக்கு எதுக்கு இந்த வெட்டிக் கணக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் எனக்குத் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

ஒப்புக்கொள்கிறேன் கண்ணு. தெரியாமல் செய்த தப்பு இல்லை, தெரிந்தே செய்தேன். பக்கத்து ஊரில் விலை விசாரித்தது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை நாற்காலிக் கடையில். தூரத்து நகரத்துக்கு, காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகக் கடையில் போட்டிருக்கும் பழைய பத்திரிகையின் பின்னட்டையில் இருந்த விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தேன். பக்கத்து ஊர் என்றால் நீ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாய், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே. அந்த ஆசைதான் என் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதியது.

அந்தப் போன் கதையையும் கேள். எடுத்த பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள், விலையைக் கேட்டுவிட்டு வைக்க எனக்கு வெட்கமாகிவிட்டது. தலைக்கு மசாஜ் வேண்டுமா என்றாள், வேண்டும் என்றேன். நுனி பிளவுபட்டிருக்கிறதா என்றாள், கொஞ்சம் என்றேன். கடைசியில் அடுத்த மாதம் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் பெயரில் நாற்காலி பதிவாகிவிட்டது. அதிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு செய்தி வருகிறது, உங்கள் அடர்ந்த கூந்தலுக்காகக் காத்திருக்கிறோம் என்று. என் தலையில் வெயில் அடித்தால் எதிர்க் கடைக்காரர் கண் கூசுகிறது என்கிறார், இந்த லட்சணத்தில் அடர்ந்த கூந்தல். உன் அம்மா ஒவ்வொரு செய்தியையும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள், அதோடு அவள் கோபமும் போயிற்று.

இப்போது உண்மைக் கணக்கைக் கேள். ரயில்காரர் சொன்ன சாதாரணக் கடை ஒன்றில் விசாரித்தேன், இந்த முறை தொழிலைச் சொல்லியே கேட்டேன். அந்த விலைக்கு உன் சம்பளம் நானூறு வெட்டு. வாடகை நூற்றைம்பது, அதுவும் ஒரே அறை, ஜன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கும். சாப்பாடு தொண்ணூறு, ரயிலும் பஸ்ஸும் இருபது, கையில் நிற்பது நூற்று நாற்பது. பக்கத்து ஊரில் முந்நூறில் வாடகை தொண்ணூறு, சாப்பாடு எண்பது, பஸ் பத்து போக நூற்று இருபது நிற்கும். நகரத்து வெட்டு பக்கத்து ஊர் வெட்டைவிட ஒன்றரை மடங்கு பெரியது என்பதையும் மறந்துவிடாதே. ஆக, அங்கே போனால் நீ ஒன்றும் தேய்ந்துவிட மாட்டாய். வாடகைக்கு முன்பணம் எத்தனை மாதத்துக்குக் கேட்கிறார்கள் என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள், நானே அதைப் போன முறை எழுத மறந்துவிட்டேன்.

எந்த வெட்டிலும் வராத ஒன்று இருக்கிறது. தூரத்து நகரத்து வேலையைப் பற்றிச் சொல்ல முதல் நாள் நீ போன் செய்தபோது, "அங்க ஒரு பல்லை முழுசா நானே செய்யலாம்ப்பா" என்றாய். பக்கத்து ஊரில் மற்றவர்கள் செய்த பல்லுக்கு மெருகு போடும் வேலைதான் என்று அப்புறம் சத்தமில்லாமல் சொன்னாய். நானும் இன்னொருவர் கடையில் இரண்டு வருஷம் நுரை மட்டும் போட்டவன், கத்தரிக்கோலைக் கையில் கொடுத்த நாளை இன்றும் மறக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகும் உன்னை மெருகு போட வரச் சொன்னேனே, அதுதான் எனக்கு உறைக்கிறது. நீ தூரத்து நகரத்துக்கே போ. நான் மனசு கோணாமல் சொல்கிறேன், கொஞ்சம் கோணினால் நாற்காலி மாதிரி சாய்த்துக்கொள்கிறேன்.

பதினான்காம் தேதியை ரத்து செய்யவில்லை. நானும் அம்மாவும் வருகிறோம். இரண்டு பேருக்குப் போகவர டிக்கெட் நாற்பது வெட்டு, அதை உன் கணக்கில் எழுதாதே, அது என் கணக்கு. அந்த நாற்காலியில் நீ உட்கார், அடர்ந்த கூந்தல் நம் வீட்டில் உன்னிடம்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக உன் தலையில் என் கத்தரிக்கோலைத் தவிர வேறொன்று பட்டதில்லை, அந்தச் சாக்கில்தான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது நீ வீட்டுக்கு வந்தாய். இனி அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாது. அங்கே வெட்டுகிறவன் கத்தரிக்கோலை எப்படிப் பிடிக்கிறான், எங்கே வகிடு எடுக்கிறான் என்று பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.

எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு, நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. வியாழக்கிழமையை மறந்துவிடாதே. பதினான்காம் தேதி வரைக்கும் வேறு எங்கேயும் முடி வெட்டிக்கொள்ளாதே.

உன் அப்பா
(வலது பக்கம் மட்டும் மீசை உள்ளவர் இன்னும் என்னிடம்தான் வருகிறார்)