அக்காவின் மரம்

மார்ச் 4
மாடியில் துணி காயப்போடப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு போன்சாய் மரம், ஒரு சாண் உயரம், அத்தி ஜாதி. ஓர் இலைகூட இல்லை. இவருடைய முதல் மனைவி வளர்த்ததாம். அவரை என்ன சொல்லி எழுதுவது? அக்கா என்றே எழுதுகிறேன். அக்கா இறந்துபோய் இரண்டு வருடம். இதுவரை மழையில் பிழைத்திருக்கிறது, இந்த வெயிலில் கொட்டிவிட்டது.

"பாப்பா தூக்கிப்போட விடமாட்டா. தண்ணியும் ஊத்த மாட்டா," என்றார் இவர்.

அக்காவின் மகள் பாப்பாவுக்குப் பதினைந்து வயது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். என்னிடம் அவள் பேசுவது இரண்டே வார்த்தை: "ம்", "வேணாம்".

மார்ச் 5
நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை. துளிப் பால் கசிந்தது. உயிர் இருக்கு!

மார்ச் 7
நர்சரிக்காரர் மரத்தின் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார். "இது மரமில்லம்மா, குச்சி. புதுசா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

புதுசு எனக்கு எதுக்கு? நகராமல் நின்றேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். தொட்டியோடு ஊறவைக்கணும், செத்த வேரை வெட்டணும், தண்ணீர் நிற்காத மண்ணில் வைக்கணும். "பொழைச்சா பொழைக்கும். பாதிக்குப் பாதி."

பாதி போதும்.

மார்ச் 9
பாப்பா ஸ்பெஷல் கிளாஸ் போயிருந்தாள். தொட்டியிலிருந்து மரத்தை எடுத்தேன். வேர் பந்துபோல் சுருண்டிருந்தது. நான் பல் செட் செய்கிற லேபில் வேலை செய்பவள், நுணுக்க வேலை கைக்குப் பழக்கம். லேப் இடுக்கியால் ஒவ்வொரு வேராகப் பிரித்தேன். கறுத்ததை வெட்டினேன். கிளையை வளைக்க அக்கா சுற்றியிருந்த கம்பி துருப்பிடித்துப் பட்டைக்குள் இறங்கியிருந்தது. பிரித்தால் தோல் உரியும் என்று துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன்.

பாதி வேலையில் பாப்பா வந்துவிட்டாள். தரையெல்லாம் வெட்டின வேர்.

"கொன்னுட்டீங்க. எங்கம்மா மரத்தை வெட்டிக் கொன்னுட்டீங்க!"

கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். ஆனா பாதியில விட முடியுமா? வேர் காஞ்சுடுமே. நட்டு முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

மார்ச் 10
அவள் அறை வாசலில் நின்று சொன்னேன்: "உன்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டா நீ வேணாம்னுடுவியோன்னு பயந்து கேக்கல. அது தப்பு."

"ம்"கூட இல்லை. மரம் பிழைக்கும்வரை நான் ஓயப்போவதில்லை.

மார்ச் 16
ஈரம் போகாமலிருக்க மரத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பை மாட்டி, நிழலில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பார்க்கிறேன். ஒன்றுமில்லை.

மார்ச் 21
ஒன்றுமில்லை.

மார்ச் 26
மதியம் பெரிய காற்று. பை பறந்திருக்கும் என்று லேபிலிருந்து ஓடி வந்தேன். பை இருந்தது. தொட்டியோடு சேர்த்து பாப்பாவின் தலைமுடி ரப்பரால் கட்டியிருந்தது.

ஏப்ரல் 6
மூணு வாரத்துல துளிர்க்கும்னு நர்சரிக்காரர் சொன்னார், நாலு ஆச்சு. முட்டாள்தனமா பண்றேனோ? பட்டையைத் திரும்பக் கீறினேன். பச்சைதான். அப்போ இன்னும் இருக்கு. நானும் இருக்கேன்.

ஏப்ரல் 13
பாப்பாதான் சமையலறைக்கு வந்து சொன்னாள். "மேல வந்து பாருங்க."

மூன்று இடத்தில் ஊசிமுனை அளவு சிவப்புத் துளிர். இருவரும் குனிந்தோம், தலை இடித்துக்கொண்டது.

மே 2
இடப்பக்கக் கிளை துளிர்க்கவே இல்லை. கீறினால் பழுப்பு. "அம்மா இதைத்தான் வளைச்சு வளைச்சுக் கட்டுவாங்க," என்றாள். அப்படியானால் இருக்கட்டும், வெட்ட வேண்டாம் என்றேன். கிளையைத் தடவிப் பார்த்தாள். பிறகு கத்திரியை என்னிடமிருந்து வாங்கி, அவளே வெட்டினாள். கிளையைப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறாள்.

மே 20
புது மெஷினுக்குப் பயிற்சி என்று லேபில் வெளியூர் அனுப்பியிருக்கிறார்கள். இன்று மாலை ஒரு போன். பாப்பா. என் நம்பர் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"ஒரு இலைக்கு அடியில வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு. பூச்சியா?"

"ஆமா, மாவுப்பூச்சி. துணியை ஈரமாக்கித் துடைச்சு எடு. மத்த இலையையும் பாத்துடு."

"சரி."

ஆனால் போனை வைக்கவில்லை. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"நீங்க எப்ப வர்றீங்க?"

வெள்ளிக்கிழமை என்றேன்.

வகுப்பு வியாழன் மதியமே முடிகிறது. டிக்கெட்டை அன்று மாலைக்கே மாற்றிவிட்டேன்.