வரப்போரத்து மேடு

லம்புங், இந்தோனேசியா,
செவ்வாய் மாலை.

அன்பு மகள் வினார்த்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கணவன் துகிமானும் மகள் நிங்க்ருமும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தாய்வான் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். செல்பேசியில் பேசினால் துகிமான் பக்கத்திலேயே நிற்பான். அதனால்தான் எழுதி, அடுத்த வயல் பைனெமின் அக்கா மகள் அங்கே வேலைக்கு வருவதால், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உனக்குப் பிடித்த சோயா தெம்பே வறுவல் இருக்கிறது. நமத்துப்போகுமுன் தின்றுவிடு.

மக்காச்சோளத்தைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் துகிமான் "நல்லா இருக்கு" என்கிறானாம். நன்றாகத்தான் இருந்தது, போன வியாழன் வரை. இந்த விளைச்சல் வீடு வந்தால் நீ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் பெருநாளுக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தோம். நீ சொன்னபடியே அவன் வயலைச் சுற்றி மின்கம்பி கட்டினான். காப்புக்காட்டு யானைகள் வந்தால் சுவிட்சைப் போடுவது அவன் வேலை, தகரம் தட்டுவது என் வேலை.

பைனெமின் வாய் உனக்குத் தெரியும். ஊர்த்தலைவரையே 'யோவ்' என்று கூப்பிடுகிறவள். நீ போன பிறகு, அவள் காட்டுப்பன்றிக்குக் கட்டிய மின்கம்பியில் ஒரு இளம் யானை பட்டு இறந்தது. நம் வரப்போரத்தில்தான் புதைத்தார்கள். மனிதருக்குச் செய்வதுபோல் அதற்கும் நாற்பதாம் நாள் மஞ்சள் சோறும் கோழியும் படைத்தாள். "யானைக்குக் கோழியா பைனெம்?" என்று ஊர் சிரித்தது. "திங்கப்போறது நீங்கதானே, மூடிக்கிட்டுத் தின்னுங்க" என்றாள்.

வியாழன் மாலை வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் கால்வாயைத் தாண்டி வந்தது. முன்னால் வந்த பெரிய பெண் யானையை எப்படிச் சொல்வேன்? நம் பள்ளிக்கூடத் தண்ணீர்த்தொட்டி எழுந்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் காலடிச் சத்தமே இல்லை. துகிமான் சுவிட்சில் கை வைத்தான்.

அவை சோளத்துக்கு வரவில்லை, மகளே. அந்த மேட்டைச் சுற்றி நின்றன. துதிக்கை நுனியால் மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தன. கைக்கெட்டும் தூரத்தில் முற்றிய கதிர். ஒரு குட்டி எட்டிப் பிடிக்கப் போனது. பெரியது அதை மெல்ல இழுத்துத் தன் வயிற்றடியில் நிறுத்திக்கொண்டது. தேர்வறையில் கேள்வித்தாளைக் கொடுத்ததும் ஓர் அமைதி விழுமே, அதெல்லாம் இதன் முன்னே இரைச்சல்.

எங்களோடு தகரம் தட்ட வந்திருந்த பைனெம் அதைக் கீழே வைத்துவிட்டுத் தலை தாழ்த்தினாள். தாத்தா பாட்டியை அழைப்பதுபோல் 'எம்பா' என்று அழைத்து, அரண்மனையில் பேசுகிற மரியாதைப் பேச்சில் சொன்னாள்: "எம்பா, தங்கள் பிள்ளையை இங்கேதான் படுக்க வைத்திருக்கிறோம். என் பிழைதான். பொறுத்தருளுங்கள்." திரும்பி, அதே மூச்சில், "டேய் துகிமான், கையை எடுடா. எழவுக்கு வந்தவங்கள அடிப்பியா?"

அவன் கையை எடுத்தான். "மாமா, வினார்த்திகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டான். நான் சொல்கிறேன் என்றேன்.

பிறகு அவை சாப்பிட்டன. மறைக்கமாட்டேன். காய்ந்த மரமொன்றைத் தள்ளிக் கம்பியைச் சாய்த்துவிட்டு, கால்வாய்ப் பக்கம் முழுவதும் தின்று மிதித்துப் போயின. தட்ட வேண்டிய தகரம் என் கையிலேயே இருந்தது. தட்டத் தோன்றவில்லை. மிச்சமிருப்பதை வைத்துப் பெருநாளுக்குள் உன்னை வரவழைக்க முடியாது.

துகிமான் கம்பியைச் சுருட்டிவிட்டான். சரியாகச் சாப்பிடுவதில்லை. கோபம் வரும் உனக்கு. வரட்டும், அதை எனக்கு எழுது. அவனிடம் பேசும்போது சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

நிங்க்ரும் தினமும் அந்த மேட்டில் பூ வைக்கிறாள். "யானையே இவ்ளோ தூரம் தேடி வருது, அம்மா வந்துடுவாங்கல்ல தாத்தா?" என்றாள். வருவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ போகும் இடமெல்லாம், உன்னைப் பார்த்ததும் சுவிட்சிலிருந்து கையை எடுக்கிற மனிதர்களையே இறைவன் உனக்குத் தரட்டும்.

உன் அப்பா,
மர்திகுன்