செருப்பு மாட்டிவிட்ட பிள்ளை

ஞாயிறு, இரவு.

கிள்ளான் கடைத்தெருவில் மாலையில் சூடாக ஒரு வடை வாங்கித் தின்றபடி நடப்பதுதான் எனக்குச் சுகம். இன்று எதிரே வந்த குட்டிப் பாப்பா ஒன்றின் செருப்பு கழன்று விழுந்தது. குனிந்து மாட்டிவிட்டேன். நிமிர்ந்தால், பாப்பாவின் கையைப் பிடித்தபடி என் மகள் கவிதா. அவள் கல்யாணத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. பேத்தியை இன்றுதான் பார்க்கிறேன்.

அப்பா என்று கூப்பிடுவாள் என நினைத்தேன்.

"அங்கிளுக்குத் தேங்க்யூ சொல்லுமா," என்றாள் பிள்ளையிடம்.

"தேங்க்யூ அங்கிள்!"

"பரவால்லமா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டில் மனைவி, "என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றாள். கால் வலி என்றேன். சொன்னால் முதலில் பேத்தியின் பெயரைத்தான் கேட்பாள். எனக்கு அது தெரியாது.