திரையில் மட்டும் அணைகிற ஹீட்டர்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். குட்டிக்குச் சளி விட்டுவிட்டது. நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று தோன்றும். போனை எடுத்தாலே உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஆபீஸ் மெயிலை யார் யார் படிக்கிறார்களோ தெரியாது. சொந்த மெயிலில் எழுதினால் நீங்கள் ஒரு வரியில் பதில் போட்டு முடித்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதமும் பேனாவும்.

குட்டி நடக்கிறாள். நடப்பதைவிட விழுவது அதிகம். விழுந்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அழுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியதைப் பிளம்பர் வந்து சரிசெய்தார். அவர் போன மறுநாளே குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகமாக இருக்கிறது. உங்கள் தங்கை, எனக்கு யார்மேல்தான் சந்தேகம் இல்லை என்கிறாள்.

இனி ஆபீஸ் விஷயம். பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்க நீங்கள் வடிவமைத்த வார்மர்களில் சில திரும்பி வந்திருக்கின்றன. முதலில் வந்தவற்றை ஏதோ ஒயர் கோளாறு என்று விட்டுவிட்டோம். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரியில், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் முதுகு வெந்து கொப்பளம் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டது, தேறி வருகிறது என்றார்கள். நானே அந்த நர்ஸிடம் பேசினேன். குழந்தை புரண்டதில் தோலில் ஒட்டியிருந்த சென்சார் கழன்றிருக்கிறது. சென்சாருக்குக் குளிர்ந்தால் ஹீட்டர் முழு வேகத்தில் எரியத்தானே செய்யும். அந்த மாதிரி நேரத்துக்காகத்தான் நீங்கள் தனியாக ஒரு காவல் சர்க்யூட் போட்டீர்கள். சூடு எல்லையைத் தாண்டினால் அது ஹீட்டரை அணைத்து, அலாரம் அடித்து, நர்ஸ் வந்து பொத்தானை அழுத்தும் வரை அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். நர்ஸ் சொன்னது இது: "அலாரம் அடிச்சுதுங்க. நான் அடுத்த கட்டில்ல இருந்தேன். திரும்புறதுக்குள்ள தானா நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

அலாரம் எப்படித் தானாக நிற்கும்? உங்கள் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் போட்டுப் பார்த்தேன். சென்சாரைக் கழற்றினேன். சூட்டை ஏற்றினேன். திரையில் ஹீட்டர் ஒழுங்காக அணைகிறது, கோடு தரையில் படுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். அப்போதும் அணைகிறது. கொள்முதல் பார்க்கிறவர் மட்டமான சாமான் வாங்கிவிட்டாரோ என்று அவரையும் சுற்றி வந்தேன். நான் கேட்ட விதத்தில் அவர் கோபித்துக்கொண்டு, இப்போது காலை வணக்கம்கூடச் சொல்வதில்லை. பாகங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.

உங்கள் இடத்துக்கு வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபீஸில் அவருக்குப் பூட்டு என்று பெயர். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கம்ப்யூட்டர் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். நேற்று நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது என் மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன வேண்டும் என்றேன். ஸ்டேப்ளர் என்றார். அவர் கையில் ஏற்கனவே ஒரு ஸ்டேப்ளர் இருந்தது.

அந்த சர்க்யூட்டில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா? யோசித்து எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த ஊர்க் குளிரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கம்பளிச் சட்டை வாங்கியது நல்லது. குட்டி உங்கள் கடித உறையைத் தின்னப் பார்த்தாள். தபால்தலையை மட்டும் காப்பாற்றினேன்.

கடைசியில் எழுதியிருந்த வரியைப் பல தடவை படித்தேன். "சிமுலேஷன்ல பாஸ் ஆச்சுல்ல, விட்டுடு. கரண்ட் தடுமாறுற டெஸ்ட் ஃபைலை மட்டும் யாரும் தொட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சென்சாரைப் பற்றி எழுதினேன், அலாரத்தைப் பற்றி எழுதினேன். கரண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. என் மறதியாக இருக்கலாம். குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டே எழுதிய கடிதம்தானே.

தொட வேண்டாம் என்றால் தொடாமல் இருக்கிற ஆளா நான்? உங்களுக்குத் தெரியாததா. மறுபடி அந்த நர்ஸுக்குப் போன் செய்து, அன்றைக்குக் கரண்ட் போனதா என்று கேட்டேன். "போகலைங்க. ஜெனரேட்டருக்கு மாறுறப்ப லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார். திரும்பி வந்த மற்ற வார்மர்கள் இருந்த ஆஸ்பத்திரிகளிலும் கேட்டேன். எல்லா இடத்திலும் அந்தச் சிமிட்டல் இருக்கிறது.

ஃபைலைத் திறந்து ஓட்டினேன். சூடு எல்லை தாண்டி, காவல் சர்க்யூட் ஹீட்டரை அணைத்த பிறகு, கரண்ட் சப்ளை ஒரு கணம் பாதியாகச் சரிந்து மீள்கிறது. ஹீட்டர் அணைந்தபடியே இருக்கிறது. பாஸ். டெஸ்ட் அறிக்கையில் நீங்கள் எழுதியதும் அதைத்தான். நிம்மதியாக மூடப் போனேன். ஆனால் அந்தக் கோடு ரொம்பச் சுத்தமாக இருந்தது. சப்ளை அந்த அளவு சரியும்போது போர்டில் எல்லாமே கொஞ்சமாவது நடுங்க வேண்டும். எல்லாம் நடுங்குகிறது. அணைத்ததை நினைவில் வைத்திருக்கிற அந்த ஒரு சிப் மட்டும் அசையவில்லை.

சாஃப்ட்வேர் ஒளித்து வைத்திருந்த சிப்பின் கால்களை, அந்த உலோகப் பின்களை, வெளியே காட்டச் சொன்னேன். சப்ளை வாங்குகிற கால் எதிலும் சேரவில்லை. சேர்க்காமல் விட்டால் அந்தச் சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்பது நம் இருவருக்கும் தெரியும். தானாகவே குறையில்லாத ஒரு சப்ளையைக் கொடுத்துவிடும். தெரு முழுக்க இருட்டாகி, ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிற கதை.

காலைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். சப்ளை சரிந்தது. சிப் எல்லாவற்றையும் மறந்தது. நர்ஸ் வந்து பொத்தானை அழுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு அலாரத்தை நிறுத்தி, ஹீட்டரை எரிய விட்டது. சூடு எல்லையைத் தாண்டுகிற அந்தக் கணத்தை மட்டும்தான் உங்கள் சர்க்யூட் பிடிக்கும். ஏற்கனவே தாண்டி நிற்கிற சூட்டை அது திரும்பிக்கூடப் பார்க்காது. திரையில் சூட்டின் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது.

நிஜ போர்டிலும் அப்படித்தானா என்று பார்க்க, திரும்பி வந்த ஒன்றை எடுத்து சப்ளையைச் சிமிட்ட வைத்தேன். அப்படியேதான். முன்பு நாம் கரண்ட்டை முழுதாக நிறுத்தித்தான் சோதித்தோம், முழுதாக நின்று வந்தால் அது ஹீட்டரை அணைத்தபடியே விழித்துக்கொள்கிறது. சின்னத் தடுமாற்றத்துக்குத்தான் சிமுலேஷன் இருக்கிறதே என்று அப்போது நீங்கள் சொன்னீர்கள்.

சிமுலேஷன் ஃபைலில் அந்தக் காலைக் கழற்றிவிட்டது யார்? உங்களுக்கு அப்படிப்பட்ட கவனக்குறைவு வராது. பூட்டு செய்திருப்பாரோ என்று தோன்றுகிறது. உங்கள் பழைய ஃபைல்களை எல்லாம் அவர் தினமும் திறந்து பார்க்கிறார், நான் கிட்டே போனால் மூடிவிடுகிறார். முந்தைய பெயரைக் கெடுத்தால்தானே புதிய பெயர் எடுக்க முடியும். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், உங்களிடம் பழைய பிரதி இருந்தால் உடனே அனுப்புங்கள். இந்த வாரத்துக்குள் மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும். வார்டுகளில் அந்த ஹீட்டர்கள் இந்த நிமிஷமும் எரிந்துகொண்டிருக்கின்றன. உங்கள் பெயர் இதில் கெடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்ததும் நீங்களே போன் செய்தீர்கள். பழைய பிரதி எதுவும் இல்லை என்றீர்கள். பிறகு, "அவனாத்தான் இருக்கும். மேனேஜர்கிட்ட சொல்லிடு" என்றீர்கள். எனக்கு அப்போது தைரியமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. வார்மரைப் பற்றி நான் சொன்னதற்கெல்லாம் உம் கொட்டினீர்கள். அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

மேனேஜரிடம் போவதற்கு முன்னால் பூட்டை நேராகக் கேட்டுவிடலாம் என்று போனேன். சாப்பாட்டு நேரம், அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. சப்ளைக் காலைக் கழற்றியது நீங்கள்தானே என்றேன். அவர் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். "நானும் அதைத்தாங்க பாத்துட்டிருக்கேன். நீங்க இதையெல்லாம் அழிச்சிடுவீங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

சர்வரில் ஒவ்வொரு முறை சேமித்ததற்கும் ஒரு பிரதி இருக்கிறது, எனக்கு அது தோன்றவே இல்லை. அதை அவர் வரிசையாகக் காட்டினார். முதலில் அந்தக் கால் சரியாகச் சேர்ந்திருக்கிறது. ஓட்டினால் ஃபெயில். அடுத்ததில் சப்ளை சரியாமல் தாங்கிப் பிடிக்க ஒரு கெப்பாசிட்டர் கூடியிருக்கிறது, ஃபெயில். அதற்கு அடுத்ததில் இன்னொன்று, அதுவும் ஃபெயில். கடைசியில் கெப்பாசிட்டர்கள் எல்லாம் போய்விட்டன, கால் கழன்றிருக்கிறது, பாஸ். எல்லாமே உங்கள் பெயரில். பூட்டு இந்த ஆபீஸுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவர் இதைக் கண்டுபிடித்துவிட்டாராம். கைதவறிய பிழை என்றுதான் முதலில் நினைத்தாராம். வார்மர்கள் திரும்பி வர ஆரம்பித்ததும் சந்தேகம் வந்திருக்கிறது. நான் உங்கள் மனைவி, ஃபைல்களை அழித்துவிடுவேனோ என்று எல்லாவற்றுக்கும் தனிப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டேப்ளர் விஷயம் அதுதான். நான் அவரைத் திருடன் என்று நினைத்த நேரத்தில் அவர் என்னைத் திருடி என்று நினைத்திருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம். ஒரு குழந்தைக்குக் கொப்பளம் வரும் வரை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவரைக் கேட்டேன். அவர் எடுத்து வைத்திருந்த பிரதிகளோடு எழுந்தார்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போனோம், இருவரும் சேர்ந்து. எல்லா ஆஸ்பத்திரிக்கும் அன்று மாலைக்குள் போன் போய்விட்டது. உங்கள் வார்மர்களை எல்லாம் அணைத்து ஓரம் கட்டிவிட்டார்கள். சர்க்யூட்டைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. கணத்தைப் பிடிப்பதற்குப் பதிலாகச் சூட்டையே எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி மாற்றி வரைந்துவிட்டேன். சப்ளையை எத்தனை விதமாக உதறினாலும் ஹீட்டர் எரிவதில்லை. திரையிலும் சரி, மேஜைமேல் இருக்கிற நிஜ போர்டிலும் சரி.

மேனேஜர் இப்போது வேறு பாட்டுப் பாடுகிறார். அந்த சாஃப்ட்வேர் இப்படித்தான், காலை ஒளித்து வைத்துவிடும், யாருக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று, கொப்பளம் வந்த குழந்தைக்காக நடக்கப்போகிற விசாரணையில் சொல்லிவிடலாமாம். பழைய பிரதிகளைப் பற்றிக் கேட்டால், முயற்சி செய்து பார்த்தபோது வந்தவை என்று விட்டுவிடலாமாம். பூட்டு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா? வீட்ல எப்பவாச்சும் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். நீங்கள் எதுவும் சொன்னதில்லை என்றேன். அது உண்மைதான், சொன்னதில்லை. விசாரணைக்கு வருகிறவர்கள் திங்கட்கிழமை என்னையும் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து குட்டிக்குச் சோறு ஊட்டும்போதுதான் அவள் பிறந்த அன்று நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. எடை குறைவு என்று அவளை வார்மரில் படுக்க வைத்தார்கள். நம் கம்பெனியின் புது மிஷின். எனக்கு ஒரே பெருமை, இது எங்க வீட்டுக்காரர் செஞ்சதுதான் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள். குழந்தையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்தீர்கள். ஜன்னல் ஓரத்தில் இருந்த வேறு கம்பெனியின் பழைய வார்மருக்கு அவளை மாற்றச் சொன்னீர்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டு, "உங்க மிஷின்தானே சார்" என்றார். புதுசில் பிளாஸ்டிக் வாசனை வரும், குழந்தைக்கு ஆகாது என்றீர்கள். மாற்றுகிற வரை அங்கிருந்து நகரவில்லை. அப்பா ஆனதும் மனுஷனுக்கு எல்லாவற்றிலும் பயம் வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த வார்டில் அன்று நம் மிஷின்கள் இன்னும் சில இருந்தன. அவற்றில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஒருத்தியை மட்டும் மாற்றச் சொன்னீர்கள்.

அடுத்த போர்டில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். விற்பனைத் தேதியைச் சொல்லி மேனேஜர் எப்படி நெருக்கினார் என்பது எனக்கும் தெரியும். அதற்குள் அந்த ஊர் வேலை வந்துவிட்டது. இதையெல்லாம் உங்கள் சார்பில் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு விழுந்துவிடுகிறது. என்னால் சீரணிக்க முடியாதது போனில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை. "அவனாத்தான் இருக்கும்."

வார்டில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பூட்டிடமும் இல்லை, உங்கள் தங்கையிடமும் இல்லை. உங்களைத் தவிர அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை அவர்கள் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. சொல்லிவிட்டால், பிறகு உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. இந்தக் கடிதம் கூரியரில் வந்தாலும் நேரமாகிவிடும் என்று உங்கள் தங்கையின் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் நாளைக்கே உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்தக் காலை ஏன் கழற்றினீர்கள் என்று நீங்களே மேனேஜருக்கு எழுதிவிடுங்கள். யார் நெருக்கினார் என்பதையும் எழுதுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன். வேலை போனால் போகட்டும், இரண்டு பேருக்கும் கை இருக்கிறது. குட்டி உங்கள் குரல் கேட்டால் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். அவள் வளர்ந்து, அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்கும்போது நான் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

எங்கிருந்தாலும் நிம்மதியாகத் தூங்குகிறவராக இருங்கள். திங்கட்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி