தேயிலை தெரியாத ஜன்னல்

ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த என் அம்மாவுக்கு,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. ஆனால் முதலில் உன்னோடு சண்டை போட வேண்டும். நுவரெலியாவுக்கு ஒரு பயணம் ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டு, அது நடப்பதற்குள் ஆடி மழையில் நெஞ்சுச் சளி என்று படுத்தாய். நீ பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்தப் பயணத்தை நடத்திக் காட்ட நான் படுகிற பாடு நாய் படாது.

நுவரெலியா என்ன சீமையிலா இருக்கிறது? நோர்வூட்டில் காலையில் பஸ் ஏறி ஹட்டனில் மாறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் குதிரை ஏறிப் படம் பிடித்துக்கொண்டு, குளத்தில் படகு விட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் அந்த ஊருக்குப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும், அதைத் தாண்டிக் கந்தப்பளையில் அத்தை வீட்டு விசேஷங்களுக்கும்தான். அந்தக் குளத்தை நீ பஸ்ஸுக்குள் இருந்து பார்த்ததோடு சரி.

நீ போட்ட நிபந்தனைகள் நினைவிருக்கிறதா? மலையிலிருந்து இறங்கி வந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாய். “கூட்டிட்டுப் போறதுன்னா ஹோட்டல்ல ரூம் எடு. சொந்தக்காரங்க வீடு வேணாம், அங்கயும் நான்தான் அடுப்படியில நிக்கணும். காலையில கண்ணு முழிச்சா ஜன்னல்ல தேயிலை தெரியக்கூடாது. பிளேன்டீய யாராவது கதவத் தட்டிக் கொண்டாந்து குடுக்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! அன்றைக்கு நான் சிரித்தேன். தோட்டத்து லயத்து வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்கு இருப்பதே ஒரு ஜன்னல். திறந்தால் தேயிலைச் செடி உள்ளே எட்டிப் பார்க்கும். பகலெல்லாம் அதற்குள் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, விடிந்ததும் மறுபடி அதன் முகத்திலேயே விழிக்கிறவள் வேறு என்ன கேட்பாய்?

சரி, உன் வருஷத் திதி முடிந்துவிட்டது. நீ இல்லாவிட்டாலும் நீ கேட்ட பயணம் நடக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அப்பாவையும் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீ போன பிறகு அவர் லயத்து வாசலைத் தாண்டுவது கோயிலுக்கு மட்டும்தான். நான் வேலை பார்க்கும் ஹட்டன் பார்மசியில் முதலாளி முகம் சுளிக்காமல் லீவு கொடுத்தார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக அப்பா, “நீ போய்ட்டு வா பாப்பா, நான் வீட்டப் பாத்துக்கிறேன்” என்கிறார். இந்தக் காம்பராவை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? நாள் கணக்காக நச்சரித்துத்தான் சம்மதிக்க வைத்தேன்.

அடுத்தது ஹோட்டல். எந்த ஹோட்டலின் படத்தைப் பார்த்தாலும் ஜன்னல் நிறையத் தேயிலைதான். அதற்குக் கூடுதல் காசு வேறு. நீ பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதை ஊர் உலகம் காசு கொடுத்துப் பார்க்கிறது. பல இடங்களுக்குப் போனில் பேசி அலுத்து, கடைசியில் டவுனில் ஒரு சின்ன ஹோட்டலைப் பிடித்தேன்.

“தேயிலை தெரியிற ரூம் ஒன்னு இருக்கு மிஸ், இப்பவே போட்டுரவா?” என்றான் அங்கிருந்தவன்.

“தெரியாத ரூம் வேணும்.”

“தெரியாத ரூமா? அப்பிடி யாரும் கேக்கிறதில்லையே மிஸ். பின்னால ஒன்னு இருக்கு. தொறந்தா மதிலும் வேன் நிப்பாட்டுற எடமும்தான் தெரியும். வந்த பொறகு எங்கள ஏசக் கூடாது.”

“அதையே குடுங்க” என்றேன். எனக்கிருந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். ரெண்டு கட்டில் போட்ட அறை. ஒன்று அப்பாவுக்கு. மற்றதை உனக்கென்றுதான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். நான் கீழே பாய் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னால், “அந்த ஜன்னல்ல தேயிலை தெரியுமா?” என்று கேட்கிறார்.

“தெரியாதுப்பா. அம்மா கேட்ட மாதிரியே புடிச்சிட்டேன்.”

“அப்ப எனக்கு வேணாம்.”

எனக்கு வந்ததே கோபம். என்ன வேண்டாம், ஏன் வேண்டாம் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார். “நான் வேல செஞ்ச தேயிலை ஸ்டோர்ல, கொழுந்து வாட்டுற மேல்மாடியில நின்னா எதுத்த மலை தெரியும். ஒங்கம்மா தலையில கட்டுற மஞ்சத் துண்ட வச்சே அவ எந்த நெரையில நிக்கிறான்னு கண்டுபிடிச்சிருவேன். அத்தன வருசமும் அப்பிடித்தான் பாத்தேன். இப்பவும் தேயிலையப் பாத்தாத்தான் அவ அங்கன நிக்கிற மாதிரி இருக்கு.”

அழுகை வர வேண்டிய இடம். எனக்கு எரிச்சல்தான் வந்தது, அம்மா. நீ தேயிலை கண்ணிலேயே படக்கூடாது என்கிறாய், அவர் அதைப் பார்க்காமல் விடிய முடியாது என்கிறார். இதை ரெண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே பேசித் தீர்த்திருக்கக் கூடாதா? நான் யார் பேச்சைக் கேட்பது? ஸ்டோர் மாடியிலிருந்து அவர் உன்னைத் தேடுவார் என்பதாவது உனக்குத் தெரியுமா?

மறுபடியும் ஹோட்டலுக்குப் பேசினேன். முன்பக்கம் தேயிலை தெரிகிற சின்ன அறை ஒன்று அப்பாவுக்கு, பின்பக்க அறை எனக்கு. “ஒரே குடும்பந்தானே மிஸ்?” என்றான் அவன். “ஒருத்தருக்கு தேயிலை வேணும், ஒருத்தருக்கு வேணாமா?”

“ஆமா, எங்க குடும்பம் அப்பிடித்தான்” என்றேன்.

இதோடு முடிந்ததென்று நினைத்தாயா? அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தன் தங்கச்சியிடம் சொல்லிவிட்டார். கந்தப்பளை அத்தை போனில் வந்தாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

“எங்கண்ணன் நுவரெலியாவுக்கு வந்து காசு குடுத்து படுக்கிறதா? நான் என்ன செத்தா போய்ட்டேன்? லயத்துல நாலு பேரு என்னைய என்னா கேப்பாங்க?”

அவள் சொல்வதும் நியாயம்தான். பக்கத்திலேயே சொந்தக்காரர் வீடு இருக்க வாடகை அறையில் படுத்தால், உறவு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆனால் எனக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதே. “இது அம்மா கேட்டது அத்தை. யாரு வீடும் வேணாம்னாங்க. ஜன்னல்ல தேயிலை தெரியக்கூடாதுன்னாங்க. பிளேன்டீய யாராவது கதவத் தட்டிக் குடுக்கணும்னாங்க. ஒங்கள அசிங்கப்படுத்த நாங்க ரூம் எடுக்கல” என்று படபடவென்று கொட்டிவிட்டேன்.

அத்தையின் அழுகை நின்றது.

“அண்ணி அப்பிடியா கேட்டாங்க?” என்றாள். பிறகு, “அந்த ஜன்னல்ல வேற என்னாதான் தெரியும்?”

“மதிலும் வேன் நிப்பாட்டுற எடமும்.”

“தேயிலையே தெரியாதா?”

“ஒரு செடி கூடத் தெரியாது.”

அத்தை இன்னும் பெரட்டுக்குப் போகிறாள் அம்மா. இந்த வயசிலும் விடியக் காலையில் எழும்பிப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுகிறாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

“அங்க கட்டிலு ரெண்டா மருமகளே?” என்று மெதுவாகக் கேட்டாள். “அண்ணி கோவிச்சுக்க மாட்டாங்கன்னா நானும் ஒரு ராத்திரி வரட்டுமா?”

நீயும் அத்தையும் முகம் கொடுத்து ஒரு நல்ல வார்த்தை பேசியதை நான் கண்டதில்லை. எந்தக் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதில் தொடங்கிய சண்டை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கென்று வைத்திருந்த கட்டிலை உன் நாத்தனாருக்குக் கொடுக்கச் சொல்கிறது விதி. உன்னைக் கேட்க எங்கே போவேன்? கேட்காமலே, “வாங்க அத்தை” என்று சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். பெரட்டு நேரத்துக்கு அத்தைக்கு முழிப்பு வரும், எழும்பி இடுப்பில் கட்டுகிற சாக்கைத் தேடுவாள். அவளைப் பிடித்துத் திரும்பவும் படுக்க வைப்பேன். வெளியே எவ்வளவு வெளிச்சமானாலும், யாராவது பிளேன்டீயோடு வந்து கதவைத் தட்டும் வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் எழும்ப மாட்டோம்.

உனக்கும் சேர்த்துத் தூங்கப் போகும்
உன் மகள்,
செல்வி