ரேடியேட்டரில் ஒட்டாத திருவிழா நோட்டீஸ்

மக்கா,

இன்று காலை பட்டறைக்கு ஒரு பன்னிரண்டு சக்கர லாரி வந்தது. ஏற்றத்தில் சூடாகிறது என்றார் டிரைவர். என்ஜினை நன்றாகச் சூடேற விட்டு, மேசைமேல் கிடந்த கல்யாண அழைப்பிதழிலிருந்து ஒரு தாளை எடுத்து ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்தேன். பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது. ஃபேன் காற்றை நன்றாக இழுக்கிறது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் உன் நினைவு வந்து, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்மூடி, வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிறவன் உங்கள் ஊரிலேயே நீ ஒருவன்தான். அதனால்தான் லாரி ஓட்டப் போனாய். குலசேகரத்தில் ரப்பர் மரத்தடி ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டிப் பெரும்பாவூருக்குப் போவாய். நான் குலசேகரத்தில் பட்டறை போட்டு அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உன் முதலாளியின் ஆறு வண்டிகளும் என்னிடம் வந்தது உன் வாய்ச்சொல்லால். அவை நின்றுபோனால் நான் ஷட்டரை இறக்கிவிட்டு வளைகுடாவுக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

உங்கள் ஊர்ச் சர்ச்சின் பத்தாம் நாள் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது உன் வண்டியின் தண்ணீர் பம்ப் ஒழுகியது. ஃபேனைக் கழற்றாமல் பம்பை மாற்ற முடியாது. நீயோ பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாய். என்னைக் கூட்டிப்போய் மீன்கறியும் சோறும் போடாமல் விடமாட்டாயாம். ஒரு புனிதருக்குப் பத்து நாளா, எங்கள் சபையில் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நான் கேலி செய்தேன். பேச்சும் சிரிப்புமாகப் பம்பைப் பூட்டி, ஃபேனையும் பூட்டிவிட்டுத் திருவிழாவுக்குப் போய்விட்டோம்.

அடுத்த லோடில் வண்டி கொதித்தது. அதற்கடுத்த லோடிலும் கொதித்தது. வெறும் வண்டியாக ஓடினால் ஒன்றுமில்லை. தடி ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினால் முள் சிவப்புக்குப் போய்விடும். பெல்ட்டை இறுக்கினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டரை இறக்கி அடைப்பு எடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. முதலாளி வந்து நின்றபோதாவது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் இழுக்கிறான், தண்ணீரும் பார்ப்பதில்லை என்று எல்லாவற்றையும் உன் தலையில் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அன்று அதை நான் மனதார நம்பினேன்.

நான் சொன்னது உன் காதுக்கு வந்திருக்கும். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டியோடு பட்டறைக்கு வந்தாய். பிரேக் வேலைக்காக அதே முதலாளியின் இன்னொரு வண்டி, உன்னுடையதைப் போன்றதே, அங்கே நின்றது. இரண்டையும் ஸ்டார்ட் செய்து சூடேற விடச் சொன்னாய். டேஷ்போர்டில் கிடந்த திருவிழா நோட்டீஸை எடுத்து அந்த வண்டியின் ரேடியேட்டரில் வைத்தாய், ஒட்டி நின்றது. உன் வண்டியில் வைத்தாய். கொஞ்சம் படபடத்துவிட்டு நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு என்ஜினையும் அணைத்து, இரண்டு ஃபேனையும் மாறி மாறிக் குனிந்து பார்த்தாய்.

“மக்கா, கோவப்படாத. எனக்க வண்டியில ஃபேன மறிச்சு மாட்டியிருக்கு.”

முன்பின் மாற்றி மாட்டினாலும் அதில் போல்ட் உட்காரும், காற்றும் வரும். பாதிக் காற்றுதான் வரும். நீ ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பூசைக்கு உடுத்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு எனக்குக் கை கொடுத்தாய். சரியாகத் திருப்பி மாட்டினோம். மறுநாள் முழு லோடோடு ஏறினாய், முள் அசையவில்லை.

என்ன கோளாறு என்று முதலாளி கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். மரத்தூசி அடையாமல் இருக்க ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கு கட்டியிருந்தேன், அவிழ்க்க மறந்துபோனேன் என்றாய். அவர் கண்டபடி திட்டிவிட்டு, இரண்டு வாரம் வண்டியில் ஏறக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனபிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று உன்னைக் கேட்டேன்.

“ஒனக்க பேரு கெட்டா ஆறு வண்டியும் போவும். எனக்கு ரெண்டு வாரந்தான? அவசரப்படுத்துனதும் நான்தானலே.”

பத்தொன்பது வருடம் ஓடிப்போயிற்று. நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதுவே எனக்கும் வசதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால். நீ நெஞ்சுவலியில் போனபிறகு முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன், அன்றும் துணிவு வரவில்லை. போன மாதம்தான் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் முழுதும் கேட்டுவிட்டு, இதை அவன் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். கவனமில்லாத டிரைவர் என்ற பெயரை நீ உன் வீட்டுக்குள்ளும் சுமந்தாயே, அதையாவது இறக்கி வைக்க வேண்டும் என்றிருந்தது.

உன் மனைவி அழவில்லை. கோபப்படவும் இல்லை. அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் பேசினார்.

“மூத்தவன் முதல்ல அடியெடுத்து வச்சு நடந்தத அவரு பாக்கல அண்ணே, லோடுல இருந்தாரு. மோளு நடந்தது அந்த ரெண்டு வாரத்துலதான். அவருக்க கையத்தான் முதல்ல வந்து பிடிச்சா.”

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே, மக்கா.

நன்றி. உயிரோடு இருந்தபோது சொல்லாததற்கு என்னை நீ மன்னித்திருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் என் கை தப்பியிருந்தால் யாரும் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு மாதத்தில் அதனால் ஒருவர் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார், போகட்டும். அன்று உன் மகள், நர்சிங் படிக்கிற பெண், எனக்குச் சாயா கொண்டுவந்தாள். அடுக்களையிலிருந்து நாற்காலி வரை அவள் நடந்து வந்த அந்த ஏழெட்டு அடியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.